பூபதிக்கு எத்தனை மாதம்

ஆறு மாதம் என்று எழுதினால் இன்னும் பத்து நாளில் செத்துப்போவான், மூன்று வருடம் என்று எழுதினால் மூன்று வருடம் கழித்துச் செத்துப்போவான், உள்ளே இருந்த ஐந்து மாதம் இருபது நாளே போதும் என்று இன்றைக்கே விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டுவது சந்தேகம். அங்கயற்கண்ணி தயிர்ச்சோற்றில் நாரத்தங்காய் ஊறுகாயைக் கரைத்தபடி இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் பூபதி செத்துப்போனான். சோறு இறங்கவில்லை. குற்றவியல் நடுவர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால், மதிய இடைவேளையின் இந்த முக்கால் மணி நேரத்தில், பதினோரு வருடமாக மூன்று ஊர்களில் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறாள். கொலைமிரட்டல் வழக்கைக் கேட்டுவிட்டு வந்து முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டிருக்கிறாள். இன்றைக்கு என்ன வந்தது? காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திருட்டு வழக்கு, எதிரி பூபதி, வயது முப்பத்து நான்கு, குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது என்று வாசித்தாள். அதே மூச்சில் “தண்டனை பற்றி என்ன சொல்றீங்க?” என்று கேட்டு, ஒரு எண்ணைச் சொல்லி, அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவள் என்னடாவென்றால், “தண்டனை பற்றி மதியம் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். கோர்ட் மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. டவாலி பெரியண்ணன், வழிவிடச் சொல்லிக் குரல் கொடுக்கக்கூட மறந்துபோய், நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றார். எண் வரவில்லை, அவ்வளவுதான். வாயைத் திறந்தாள், வரவில்லை. கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரிக்கிற ஆளின் பெயர் வராதது மாதிரி. அதை யாரிடம் போய்ச் சொல்வது, ஒரு நடுவர் தனக்கு எண் வரவில்லை என்று?

மூன்று வருடம் கொடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. திருட்டுக்குச் சட்டம் சொல்கிற உச்சம் அது. ஐந்தாவது தடவை. முந்தின நான்கு தண்டனைகளையும் இன்ஸ்பெக்டர் வரிசையாக வாசித்தபோது பூபதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு ஆட்டுகிற மாதிரி, ஒன்றைக்கூட மறுக்காமல். முதல் தடவை மில் குடோனில் பித்தளை வால்வு, அப்புறம் பைக் பேட்டரி, அப்புறம் செல்போன், அப்புறம் மறுபடியும் பேட்டரி, இப்போது கிணற்று மோட்டாருக்குப் போகிற காப்பர் வயர். அந்த வயருக்குச் சொந்தக்காரர் செங்கோடன் கூண்டில் ஏறி நின்றது அவளுக்குக் கண்ணிலேயே நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டியபடியே ஏறி, கீழே இறக்கிவிடச் சொன்னதும் பதறி இறக்கிவிட்டவர். “மூணு நாளுங்கம்மா, மூணு நாளு தண்ணி பாய்ச்ச முடியல. மஞ்சள் பூரா தலையத் தொங்கப் போட்டிருச்சுங்க. வயர் போனா வேற வாங்கிக்கலாம். வாடுனது வாடுனதுதானுங்களே” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூபதி பக்கம் திரும்பி, “ஏனப்பா, அந்த வயரு உனக்கு எத்தன நாளைக்கு வந்துச்சு?” என்று கேட்டார், கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள. சாட்சி எதிரியோடு பேசக்கூடாது என்று அவள் அதட்டினாள். பூபதி அதற்குள் பதில் சொல்லிவிட்டான், ஒரு விரலைக் காட்டி. ஒரு நாள். செங்கோடன் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் பதில் சொல்ல வேண்டாமா? அவருடைய மூன்று நாளும் இவனுடைய ஒரு நாளும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நியாயமாகப் பார்த்தால் செங்கோடன் பக்கம்தான். அவளுக்கே கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. இருந்து என்ன, கோபத்துக்கு எத்தனை மாதம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவி வந்து, தீர்ப்பின் தட்டச்சுப் பிரதியை எடுத்தாள். பதிமூன்று பத்தி அவள் சொல்லச் சொல்ல ஸ்டெனோ ஜெயக்கொடி அடித்தது. வயர் கைப்பற்றப்பட்டது, ஒப்புதல் வாக்குமூலம், சாட்சிகள் ஒன்று முதல் ஏழு வரை. பதினான்காவது பத்தியை அவள் சொல்லவே இல்லை. ஆனால் இருந்தது. “தண்டனை குறித்து எதிரியிடம் கேட்கப்பட்டபோது, தான் ஏழை என்றும், குடும்பம் தன்னை நம்பி இருப்பதாகவும், குறைந்தபட்சத் தண்டனை வழங்கும்படியும் கேட்டுக்கொண்டார். எதிரியின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது.” அதற்குக் கீழே எதிரிக்கு என்று போட்டு, ஒரு விரற்கடை வெற்றிடம், அப்புறம் மாதம் சிறைத்தண்டனை. கேட்கப்பட்டபோது! இன்னும் கேட்கவே இல்லையே. மதியம் கேட்கிறேன் என்று இப்போதுதானே சொல்லிவிட்டு வந்தாள். இருந்தும் அவன் கேட்டுக்கொண்டுவிட்டான், அவள் பரிசீலித்தும் விட்டாள், நல்ல எழுத்துருவில். மணியடித்தாள். ஜெயக்கொடி வாயில் பாதிச் சாப்பாட்டோடு வந்து நின்றாள், பாவம்.

“ஜெயக்கொடி, இந்தப் பதினாலாவது பாரா நான் சொன்னேனா?”

“இல்லைங்கம்மா. அது எப்பவும் இருக்கறதுதானுங்க.”

“அவன் இன்னும் எதுவும் சொல்லலையே.”

“அதத்தானுங்கம்மா எல்லாரும் சொல்லுவாங்க.” மென்று விழுங்கிவிட்டு, தப்பு எங்கே என்று புரியாமல் பிரதியை எட்டிப் பார்த்தாள். “இவருக்குக் கல்யாணம் ஆகலீங்க. குடும்பம்னு இருக்கறத வேணா எடுத்துடட்டுங்களா?”

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அழுகையும் வந்திருக்கும் என்று தோன்றி, அவளைச் சாப்பிடப் போகச் சொன்னாள். ஜெயக்கொடியைத் திட்ட இவளுக்கு என்ன யோக்கியதை? முந்தின ஊரில் ஸ்டெனோவாக இருந்தவரும் இதையேதான் அடித்தார். அதற்கும் முந்தின ஊரில் அடித்த முகம்கூட நினைவில்லை, பத்தி நினைவிருக்கிறது. பதினோரு வருடம் கையெழுத்துப் போட்டது அவள். மேஜைக் கணினியைத் தன் பக்கம் திருப்பி, பழைய தீர்ப்புகள் இருக்கிற இடத்தைத் திறந்தாள். திறக்க வேண்டாம் என்று கை சொன்னது. குணசீலன் என்று தட்டினாள். வந்தது. தான் ஏழை என்றும், குடும்பம் தன்னை நம்பி இருப்பதாகவும். குணசீலனைக் குடும்பமே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி நாலு வருடம் ஆகியிருந்தது அப்போது. குறைந்தபட்சத் தண்டனை வழங்கும்படியும். பரிசீலிக்கப்பட்டது. ஆறு மாதம். அவனும் விசாரணைக் காலத்திலேயே ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டான், அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதி அன்றைக்கே விட்டாள். இரக்கத்தோடுதான் விட்டாள், அதுதான் கொடுமை. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம், இன்றைக்கு ஒருத்தனுக்கு நல்லது பண்ணினேன் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். நான்காம் நாள் பேருந்து நிலையக் கழிப்பறையில் கதவை உடைத்து எடுத்தார்கள். ஊசி கையிலேயே இருந்ததாம். சந்தேக மரணம் என்று முதல் தகவல் அறிக்கை அவள் மேஜைக்கே வந்தது, வேறு யார் மேஜைக்கு வரும்?

அதற்குப் பின் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர், வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர், அவள் கேட்டதற்காக, குறுக்கு விசாரணை முடிந்து இறங்குகிற இடத்தில் நின்று சொன்னார். “உள்ளே இருக்கிற ஆறு மாசத்துல உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிடும் மேடம். வெளியே வந்ததும் கை பழைய அளவைத்தான் எடுக்கும். உடம்பு தாங்காது. விட்ட முதல் வாரந்தான் இவங்களுக்குக் கண்டம்.” எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், பேருந்து எத்தனை மணிக்கு என்பதைச் சொல்கிற மாதிரி. அவள் ஜெயில் என்றால் போதை மாத்திரை கிடைக்காத இடம், போய் வந்தால் கொஞ்சமாவது தெளிந்து வருவான் என்றுதான் நினைத்திருந்தாள். தெளிந்துதான் வருகிறார்கள். தெளிந்து வருவதால்தான் சாகிறார்கள். பூபதியும் இப்போது தெளிந்திருக்கிறான், காலையில் பார்த்தாளே, கன்னத்தில் சதை வைத்து, தலை வாரி, பிடித்த போலீஸ்காரரைவிட ஆரோக்கியமாக. அதைப் பார்த்ததும்தான் எண் தொண்டையில் நின்றுவிட்டதோ? குணசீலனும் அன்றைக்குச் சதை வைத்துத்தான் நின்றான். தண்டனை பற்றி என்ன சொல்றீங்க என்று அவனிடமும் அவள் கேட்டாள். அவன் வாய் அசைந்தது. அது நிச்சயம். ஏதோ சொன்னான், கொஞ்சம் நீளமாகவே சொன்னான், ஏதோ கேட்டான்கூட. சத்தமாச் சொல்லுங்க என்றாள். அதற்குள் வக்கீல் எழுந்து, குறைந்தபட்சத் தண்டனை கோருகிறார் என்றார், அவளும் சரி என்று குனிந்துவிட்டாள். என்ன சொன்னான்? அந்த வாயை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். உதடு சேர்கிறது, பிரிகிறது, சத்தம் இல்லை. தாளில் தேடினால் தாளில் இருப்பது ஜெயக்கொடியின் பத்தி. உலகத்திலேயே அவன் சொன்னது இருந்திருக்க வேண்டிய ஒரே இடம் அது. அங்கே அவன் தான் ஏழை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அப்படி என்ன அந்த மாத்திரையில் இருக்கிறது என்று வெளியில் நின்று கேட்பது சுலபம். பூபதி நூல் மில்லில் லோடுமேன். மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போய், லீவு போட்டால் வேலை போய்விடும் என்று, கூட இருந்தவன் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டிருக்கிறான். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, விழுங்கினால் நேரமாகிறது என்று தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்ற ஆரம்பித்தான். ஒன்பது வருடம். அவளும் ராத்திரி அரை மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறாள். இதற்கு முந்தின ஊருக்கு மாற்றலாகிப் போன புதிதில், வீடு செட்டாகிற வரைக்கும் இரண்டு வாரம் போடுங்கள் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆறு வருடமாக வீடு செட்டாகிக்கொண்டிருக்கிறது. சீட்டு எப்போதோ கிழிந்துபோனது. மருந்துக் கடைக்காரர் சீட்டே கேட்பதில்லை, ஜட்ஜம்மா என்று எழுந்து நின்று கொடுக்கிறார். அதே கடைக்காரர் பூபதியை வாசலிலேயே விரட்டியிருப்பார். அரை மாத்திரையும் ஊசியும் ஒன்றா, சும்மா மனசை வருத்திக்கொள்வதற்காக எதையாவது இழுத்துப் போடாதே என்று தன்னையே அதட்டினாள். ஒன்றில்லைதான். அவள் யார் கிணற்று வயரையும் அறுக்கவில்லை. அறுக்க வேண்டிய அவசியம் அவளுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் எண் வந்துவிடுமா? மணி இரண்டு பத்து.

ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், பேச்சுக் குரல் கேட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். நடுவர் கேட்கக்கூடாத பேச்சு. காற்றுக்காகத்தானே திறந்து வைத்திருக்கிறேன் என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். சட்ட உதவி வக்கீல் இளம்பரிதியின் குரல், இன்னொன்று பூபதியின் அக்கா. சாந்தாமணி என்று பெயர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, கடைசி பெஞ்சில்கூட உட்காராமல், கதவோரமாகவே நிற்கிற பெண்.

“ஆஸ்பத்திரில மறுவாழ்வு வார்டு இருக்குதுங்கக்கா. படுக்கை அடுத்த மாசக் கடைசியில காலியாகுதாம். கூட ஒரு ஆள் தங்கினாத்தான் சேர்த்துக்குவாங்க. நீங்க இருக்கறேன்னு சொன்னா, நான் ஜட்ஜம்மாகிட்ட கேட்டுப் பாப்பேன்.”

“என்னால ஆகாதுங்க வக்கீலய்யா.”

“ஒரு மாசந்தானுங்க.”

“ஒரு மாசம், ஒரு நாளுன்னு இல்லீங்க. போன தடவ உட்டப்ப எனக்கொரு சேதியில்ல. மறுநா ராவு பத்து மணிக்கு வந்து கதவத் தட்டறான். தட்டறவன் என் தம்பியா இல்ல, எங்கயோ போய்ப் போட்டுட்டு வந்து நிக்கற எவனோ. ஊட்டுல வயசுக்கு வந்த புள்ள இருக்குது. அது பயந்து கட்டிலுக்கடியில போய் உக்காந்துக்கிச்சு. நான் கதவத் தொறக்கலீங்க.” குழாயை யாரோ திறந்தார்கள், குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் கொஞ்சம் அடித்துக்கொண்டு போய்விட்டது. “...சின்னதுல நாந்தானுங்க தூக்கி வளத்தேன். தொறக்கலீங்க. விடிஞ்சு பாத்தா வாசல்ல ஆளில்ல. உள்ளயே இருக்கட்டும். அங்கயாச்சும் சோறு போடறாங்க.”

அங்கயற்கண்ணி ஜன்னலைச் சாத்தினாள், எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு. உள்ளேயே இருக்கட்டும். அக்காவே சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன, மூன்று வருடம். செங்கோடனுக்கும் திருப்தி, அக்காவுக்கும் நிம்மதி, மேல்முறையீட்டிலும் நிற்கும். மாவட்ட நீதிபதி ஆய்வுக்கு வரும்போது, அடிக்கடி குற்றம் புரிபவர்களிடம் தாராளம் வேண்டாம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனதும் சரியாகிவிடும். பேனாவை எடுத்து அந்த விரற்கடை இடத்தின் மேல் பிடித்தாள். ஒரு ஆளை அவனுடைய நல்லதற்காகவே அடைத்து வைப்பதென்றால், வியாதிக்குத் தண்டனையா கொடுக்கிறோம், திருட்டுக்கா? திருட்டுக்கு என்றால் ஒரு வயருக்கு மூன்று வருடமா? போன மாதம் சீட்டு நடத்தி ஊரையே ஏமாற்றினவருக்கு ஒரு வருடம்தான் கொடுத்தாள், அவர் நெஞ்சுவலி என்று ஏசி வார்டில் படுத்திருக்கிறார். அப்புறம் அந்த மூன்று வருடம் முடிகிற நாள் ஒன்று வருமே, அன்றைக்கும் அவனுக்கு அந்த முதல் வாரம் உண்டே. தள்ளிப் போட்டால் கண்டம் கழிந்துவிடுமா? அன்றைக்கு அவள் வேறு ஊரில் இருப்பாள். அறிக்கை வேறு ஒருவர் மேஜைக்கு வரும். ஓ, இதுதானா? இதற்காகத்தான் மூன்று வருடம் இவ்வளவு இனிப்பாக இருக்கிறதா? பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கதவைத் தட்டிவிட்டு பெரியண்ணன் தலையை நீட்டி, “நேரமாச்சுங்கம்மா” என்றார்.

எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஃபேன் சத்தம். பூபதி கூண்டில் ஏறி நின்றான், இரண்டு கையையும் கம்பியின் மேல் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் வைத்துக்கொண்டு. செங்கோடன்கூட வந்திருந்தார், மூன்றாவது பெஞ்சில். சாந்தாமணி கதவோரம். அங்கயற்கண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டாள், ஆயிரம் தடவை கேட்டதுதான், இன்றைக்கு வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. “பூபதி, உங்க மேல குற்றம் நிரூபணமாயிடுச்சு. தண்டனை பற்றி என்ன சொல்றீங்க?” இளம்பரிதி எழுந்துவிட்டான், பழக்கம்தானே. “எதிரி குறைந்தபட்சத் தண்டனை…” “நான் அவர்கிட்ட கேட்டேன்” என்றாள். அவன் உட்கார்ந்தான். பூபதி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். கோர்ட்டில் காத்திருப்பது என்பது எவ்வளவு நீளமான விஷயம் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரிந்ததில்லை. பெரியண்ணன் இருமினார். ஜெயக்கொடியின் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. யாரோ ஒரு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லேன், எதையாவது சொல்லேன், ஏழை என்றாவது சொல்லித் தொலை என்று அவளுக்கே வாய் வரை வந்துவிட்டது.

“எத்தன மாசம் வேணா போடுங்கம்மா” என்றான் பூபதி.  “உடறத மட்டும் காத்தால உடச் சொல்லுங்க.”

“என்னது?”

“காத்தாலங்கம்மா. போன ரெண்டு தடவையும் இங்கிருந்து பேப்பர் வந்து சேர ராத்திரி ஏழு, ஏழரை ஆயிப்போச்சுங்க. எங்கூருக்குக் கடைசி பஸ்ஸு ஆறே முக்காலுங்க. அப்புறம் விடியற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கோணும். அங்கதான் எல்லாரும் இருப்பானுக. நான் வேண்டாம்னுதானுங்க படுப்பேன். எழுப்பி உட்டுப் போடுவானுக.” கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.  “வெளிச்சத்துல உட்டாங்கன்னா நேரா பஸ் ஏறிப்போடுவனுங்க.”

இங்கிருந்து பேப்பர். ஜெயில் ராத்திரியில் விடுகிறது என்று அவள் ஒரு விநாடி ஜெயிலின் மேல் கோபப்பட்டாள். அப்புறம் புரிந்தது. விடுதலைத் தாளில் கையெழுத்துப் போடுவது அவள். எப்போது போடுகிறாள்? கோர்ட் முடிந்து, ஐந்து மணிக்குக் காபி குடித்துவிட்டு, அன்றைய தாள்களையெல்லாம் பெரியண்ணன் ஒரே கட்டாகக் கொண்டுவந்து வைக்க, ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடுவாள். அதற்கு மேல் முத்திரை, அதற்கு மேல் ஒரு காவலர் பைக்கில் எடுத்துக்கொண்டு போவது. நடுவில் எழுந்து கையெழுத்துப் போட்டால் நேரம் வீண் என்று, வேலை தெரிந்தவள் என்று பெயர் எடுத்த வழக்கம் அது. புதிதாக வந்த நடுவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். குணசீலனின் தாளும் அந்தக் கட்டில்தான் இருந்தது, ஐந்து மணிக்கு மேல், காபிக்கு அப்புறம். பதினோரு வருடமாக எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளே, எத்தனை மணி என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவில்லையா?  

“ஜெயக்கொடி, பதினாலாவது பாராவை எடுத்துடுங்க. இவர் சொன்னதை இவர் சொன்ன மாதிரியே அடிங்க” என்றாள். அடிக்கிற சத்தம் கேட்டது. காத்தாலயா காலையிலயா என்று ஜெயக்கொடி மெல்லக் கேட்டாள். காத்தால என்றாள். அப்புறம் எண் வந்தது. ஏழு மாதம். ஏழு என்று யாரும் கொடுப்பதில்லை, மூன்று உண்டு, ஆறு உண்டு, ஒன்பதுகூட உண்டு. பின் வரிசையில் இரண்டு வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே இருந்ததைக் கழித்தால் இன்னும் நாற்பது நாள், ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகிற அடுத்த மாதக் கடைசி. விடுதலைத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அக்காவுக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும், அன்று காலை பத்து மணிக்கு விட வேண்டும் என்று சிறைக் கண்காணிப்பாளருக்குப் பரிந்துரை. அப்படியெல்லாம் எழுத உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று மேலே இருந்து கேட்டால் கேட்கட்டும். செங்கோடன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏழு அவருக்குப் போதுமா என்று அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை, மனிதர் சும்மா களைத்துப்போயிருந்தார். ஏழு சரியா என்று அவளுக்கும் தெரியாது. கூட இருக்க ஆள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி சேர்க்காது, அந்த இடத்தில் அவள் தீர்ப்பு ஓட்டைப் பானைதான். ஒரு பெண்ணிடம் போய், திறக்காத கதவைத் திற என்று எந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு போடுவது? பூபதியை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள், ஜீவனாம்ச வழக்கு, இரண்டு பக்கமும் எழுந்து நின்றாகிவிட்டது.

“அம்மா.”

கதவோரத்திலிருந்து சாந்தாமணி இரண்டடி உள்ளே வந்திருந்தாள். பெரியண்ணன் கையைக் காட்டி, பேசக்கூடாது, போங்க என்றார். அவள் போகவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, மேடையைப் பார்க்கப் பயந்து மேஜையின் கால்களைப் பார்த்தபடி கேட்டாள்.

“பத்து மணிக்குன்னா, எந்த வாசல்லீங்க உடுவாங்க? ரோட்டுப் பக்கமா, பின்னாடியா? நான் எங்க வந்து நிக்கோணும்?”

அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். பதினோரு வருடமாக ஜெயிலுக்கு ஆட்களை அனுப்பியிருக்கிறாள், அதற்கு எத்தனை வாசல் என்று அவளுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், அவர் ஜீவனாம்ச வழக்குக்காரர்களைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள். “உக்காருங்க. கேட்டுச் சொல்றேன்.”